நாலாம் நம்பர் மூடி

ஜனவரி 5, திங்கள்

பனி. எதிர் வரிசை வீடுகள் ஒன்றும் தெரியவில்லை, ரயில் ஊதுவது மட்டும் கேட்டது. ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடம். முட்டி வரை ஈரம். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஆய்வுக்கூடத்தில் இருந்தேன்.

குளிர் அறை நாலு டிகிரி. வெசல் ஒன்று, இரண்டு, நாலு: அழுத்த முள் எழுபதில். மூன்று: முப்பதில். எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

வேலைக்குச் சேர்ந்த அன்று "வெசலச் சுத்தம் பண்ணு" என்றார்கள். பாத்திரம்தானே என்று தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். பார்த்தால் கனத்த இரும்புக் குழாய், முழங்கை நீளம், வாயில் மரை போட்ட மூடி. ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியான டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதனால் அவர்மேல் எனக்கு வழக்கு இல்லை. சிரித்தவன் ஸ்டோர் சேகர். இனி சே. என்றுதான் எழுதுவேன், முழுப் பேருக்கு மை வீண்.

சே. மேல் மொத்தம் பதினொரு வழக்கு. முதலாவது 2022 ஜூன் 14, செவ்வாய். கையெழுத்துப் போடப் பேனா கேட்டேன். மைப்பெட்டியை என் பக்கம் தள்ளி, ரேகை வை ஆயா என்றான். ஐந்தாம் வகுப்பு பாஸ் பண்ணியவள் நான். அந்த ஆயாவும் ஒரு வழக்கு. இங்கே ஆராய்ச்சி பண்ணுகிற பவானி, ஆயா என்று கூப்பிட்டால் அது பாட்டி. சே. கூப்பிட்டால் அது வேலைக்காரி. எழுத்து ஒன்றுதான், காதுக்குத் தெரியும்.

சாயந்திரம் தண்ணீர் லாரி வரிசையில் பக்கத்து வீட்டுக் காந்தா என்னைவிட்டு நாலடி தள்ளி நின்றாள். என்னவென்று கேட்டால்:

"நீ பிரஷர் கிருமியாண்ட வேல செய்றியாமே எக்கா. எனக்குப் போன மாசம் நூத்தறுபது காட்டுச்சு. ஒன்னாண்டருந்துதான் ஒட்டிக்கிச்சா?"

லாரி போகும்வரை விளக்கினேன். அந்த பிரஷர் வேறு, இது தண்ணீரின் கனம். ஜாவாத் தீவுக்குத் தெற்கே கடலுக்குள் ஒரு பள்ளம், ஏழாயிரம் மீட்டர். அதை அகழி என்கிறார்கள். (நான் படித்த அகழி கோட்டையைச் சுற்றி இருக்கும், முதலை கிடக்கும்.) அங்கே வெளிச்சம் கிடையாது, தண்ணீர் ஐஸ் மாதிரி, கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு காரை நிறுத்தின கனம். அந்தச் சேற்றில் பிறந்து வளர்ந்த கிருமி. அதற்கு நம் ஊர்தான் வியாதி. மேலே கொண்டுவந்தால் நம் வெயிலிலேயே செத்துப்போகும். அதனால்தான் இரும்புக் குழாய்க்குள் தண்ணீர் அடைத்து, பம்பு போட்டு அழுத்தி, குளிர் அறையில் வைத்திருக்கிறோம். கிருமி இருப்பது அதற்குள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில்.

காந்தா கேட்டுவிட்டு, அப்போ குக்கர் மாதிரி என்றாள். குக்கர்தான், அடுப்பு இல்லை, விசில் இல்லை என்றேன். அதற்குப் பிறகும் குடத்தைத் தள்ளித்தான் வைத்தாள். பார்த்துக்கொண்டேன்.

நாலாம் நம்பரில் இருப்பது பவானியின் கிருமி. பவானி மீஞ்சூர்ப் பெண், ஐந்து வருடமாக இதுதான் படிப்பு. நவம்பர் 26 அன்று பூட்டியது. வரும் வெள்ளி பதினொரு மணிக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்கிற இரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே கிருமியை உயிரோடு காட்டினால் அந்த அகழிக்கே போகிற கப்பலில் அவளுக்கு இடம். மிச்சம் இருப்பது ஒரே இடம். செத்திருந்தால் அது வேறு ஊர்க்காரனுக்கு. மறுபடி வளர்க்க நாற்பது நாள் வேண்டும், கப்பல் நிற்காது.

ஜனவரி 6, செவ்வாய்

பனி குறைவு. இடுப்பு வலி இடது பக்கம். மல்லிகா (மருமகள்) வஞ்சிரத் தலை வாங்கி வைத்திருந்தாள், குழம்பில் புளி போதவில்லை. சொல்லவில்லை.

இன்று மூன்றாம் நம்பரைத் திறந்தார்கள். அதில் இருப்பது நம் கரைக் கிருமி, ஒப்பிட்டுப் பார்க்க. அதற்கு முப்பதுக்கு மேல் தாங்காது. பவானி முதலில் அழுத்தத்தை இறக்கினாள், அப்புறம் சே. ஸ்பேனரை வைத்து ஒரே திருப்பு. வெண்ணெய் மாதிரி வந்தது மூடி.

பவானி என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். நூல் நூலாக நீளம். கிருமி என்றால் கடுகு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவள் சொன்னது: கிருமி வளர்ந்து பாதியில் ஒரு சுவர் கட்டி இரண்டாகப் பிரியும். அதுதான் அதற்குப் பிள்ளை பெறுவது. நம் ஊர்க் கிருமியை அழுத்தத்தில் போட்டால் வளரத் தெரிகிறது, நடுச்சுவர் எழுப்பத் தெரியவில்லை. பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போகிறது.

எங்கள் வீடு மாதிரிதான் என்றேன். மூன்று மகன், ஒரே கூடம், சுவர் எழுப்ப இடமில்லாமல் பின்பக்கமாக நீட்டிக்கொண்டே போனோம், கடைசி அறை கிட்டத்தட்ட கடலில். பவானி வெகுநேரம் சிரித்தாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், என்ன எழுதினாளோ.

அவளுடைய அகழிக் கிருமி அப்படியில்லையாம். எழுபது அழுத்தத்திலும் வரிசையாகச் சுவர் எழுப்பிப் பிரியுமாம். அழுத்தத்தை எடுத்துவிட்டால்தான் அதற்குக் கை கால் ஓடாது. நாளைக்குத் தெரியும் என்றாள். வெள்ளிக்கு முன் ஒருமுறை தானே திறந்து பார்த்துவிட ஆசை.

ஜனவரி 7, புதன்

நாலாம் நம்பர் திறக்கவில்லை.

காலை பத்து மணி. பவானி அழுத்தத்தை இறக்கினாள், முள் பூஜ்யம். சே. ஸ்பேனர் போட்டான். அசையவில்லை. பவானியும் சேர்ந்து தொங்கினாள். அசையவில்லை. குளிர் அறைக்குள்ளேயே சே.க்கு நெற்றியில் வேர்வை. சுடுதண்ணி ஊத்தினா தானா வரும் என்று கெட்டிலைத் தேடிப் போனான். பவானி வெசலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், பிள்ளையைப் பறிக்க வந்தவனைப் பார்ப்பது போல. அழுத்தம் இல்லாமல் கொஞ்ச நேரம் தாங்கும், சூடு பட்டால் தாங்காது, நம் அறைச் சூடே போதும் சாக. மறுபடி பம்பு அடித்து எழுபதில் நிறுத்தினாள்.

பதினொன்றே காலுக்கு டாக்டரம்மா வந்தார். மூடிக்கு கிரீஸ் போடுவது ஸ்டோர் வேலை. பதிவேட்டைப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு கிரீஸ் என்று எழுதியிருக்கிறது, நாலுக்கு இல்லை. சே. போட்டதாகத்தான் ஞாபகம் என்றான். எழுத்துமூலமாக விளக்கம் கொடு என்றார். எல்லார் எதிரிலும்.

அவன் முகத்தைப் பார்த்தேன். ரேகை வை ஆயா என்று சொன்ன முகம். மதியம் சாதம் இரண்டு கரண்டி கூட இறங்கியது. போகும் வழியில் மிளகாய் பஜ்ஜி.

பவானி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனாள். அது மட்டும் உறுத்தல்.

நான் செய்தது நல்லதுக்குத்தான். நவம்பர் 26, புதன், காலை பத்தே முக்கால். நாலாம் நம்பர் காலியாக இருந்தது, துடைத்துக்கொண்டிருந்தேன். மூடி திருகும்போது கீச்சென்றது. சே.யிடம் கிரீஸ் கேட்டேன், இல்லை போ என்றான் (வழக்கு எண் பத்து). என் பையில் கால் வெடிப்புக்குத் தடவும் தேங்காய் எண்ணெய் இருந்தது. மரை முழுக்க நன்றாக விட்டுத் திருகினேன். சத்தமே இல்லை. மதியம் பவானி பையை உள்ளே போட்டுப் பூட்டினாள். என் எண்ணெயும் இல்லாவிட்டால் இன்னும் எப்படி இறுகியிருக்குமோ.

ஜனவரி 8, வியாழன்

நல்ல குளிர். குளிக்கப் போனேன். மல்லிகா மாடத்தில் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்லாகீது அத்த. இரு, சுடுதண்ணில வச்சித் தரேன்."

வெள்ளைக் கட்டி. விளக்குமாற்றுக் குச்சியை விட்டுக் குத்துகிறாள், இறங்கவில்லை. பக்கத்திலேயே நல்லெண்ணெய் பாட்டில், அதை ஆட்டினால் அது பாட்டுக்கு ஆடுகிறது.

வீட்டுக் குளிருக்கே கல். அங்கே நாலு டிகிரி, நாற்பத்து மூன்று நாள்.

குளிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா தலை சுற்றுகிறதா என்று இரண்டு தடவை கேட்டாள்.

யாரும் பார்க்கவில்லை. எண்ணெய் போட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். சே. விளக்கம் எழுதுவான், திட்டு வாங்குவான், மூன்றரை வருடம் காத்திருந்ததற்குச் சரியாகப் போய்விடும். ஆனால் என்ன போட்டது என்று தெரியாமல் அந்த மூடியை எப்படி எடுப்பார்கள்? சுடுதண்ணீர்தான் ஊற்றுவார்கள். சாவது சே. இல்லை.

வாய்க்கு ருசி இல்லை. டீ பாதி கொட்டினேன். நல்லெண்ணெய் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பவானி குளிர் அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் வீக்கம். சொன்னேன். தேதி, மணி, எவ்வளவு ஊற்றினேன் எல்லாம். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வேறு.

"அஞ்சு வருஷமா நான் எழுதிக்கிட்டு இருக்கறதே இதான் ஆயா. நீ மூடியில செஞ்சு காட்டிட்ட."

கிருமிக்குத் தோல் என்பதே மெல்லிய கொழுப்புப் படலமாம், எண்ணெய் மாதிரி. அது இளக்கமாக இருந்தால்தான் சாப்பாடு உள்ளே போகும், கழிவு வெளியே வரும். குளிர் அதை உறைய வைக்கும். அழுத்தமும் அதையே செய்யும், நெருக்கி நெருக்கிக் கட்டியாக்கும். நம் ஊர்க் கிருமியின் தோல் அங்கே போனால் என் தேங்காய் எண்ணெய் மாதிரி. அகழிக் கிருமி தன் தோலுக்கு உறையாத எண்ணெயைத் தானே தயார் பண்ணிக்கொள்கிறது. மத்தி மீன் எண்ணெய் ஜாதி. ஐஸ் பெட்டியில் மத்தி எண்ணெய் கட்டியாகாது, எனக்குத் தெரியும்.

ஏன் ஒன்று உறைகிறது ஒன்று உறையவில்லை என்று கேட்டேன். உறைகிற எண்ணெயில் இழைகள் நேராக இருக்குமாம், நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். மற்றதில் இழைக்கு நடுவே ஒரு வளைவு, அடுக்க வராது.

இது எனக்குப் புரியும். இருபத்தோரு வருடம் இறால் உரிக்கிற ஷெட்டில் இருந்தவள். நெத்திலியைப் பெட்டியில் அடுக்கினால் விரல் நுழையாது. இறாலை எவ்வளவு தள்ளினாலும் இடுக்கு இருக்கும், வளைவு விடாது. கிருமி தோலுக்கு நெத்திலியை எடுத்துவிட்டு இறாலைப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதானே என்றேன். பவானி மறுபடி நோட்டை எடுத்தாள்.

அப்படியானால் மூடிக்கும் அதையே செய்வோம் என்று நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வைத்தேன். கல்லான எண்ணெய்க்குள் உறையாத எண்ணெயை விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து இளக்கும். சூடு வேண்டாம். உள்ளே பை மூடியிருப்பதால் கிருமிக்கு எண்ணெய் படாது. பவானி யோசித்தாள். செய்யலாம், ஆனால் கடைசியில் திருப்ப பெரிய சங்கிலி ஸ்பேனர் வேண்டும். அது சே.யின் பூட்டில்.

போனேன். டாக்டரம்மா அறையில் விளக்கக் கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தான். நல்லதாகப் போயிற்று, இரண்டு தடவை சொல்ல வேண்டாம்.

"சேகரு, மூடியில எண்ண வுட்டது நானு. தேங்கா எண்ண. நவம்பர் இருவத்தாறு, பத்தே முக்காலு. ஒம்மேல தப்பு இல்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சே. கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாய்க்குவாய் பேசுகிறவன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அன்னிக்கு ஆயா கிரீஸ் கேட்டுகினு வந்துச்சு மேடம். இல்லன்னுட்டேன். டப்பா மேசைக்கு அடியிலதான் கெடந்துச்சு. குனிய சோம்பேறித்தனம்."

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முதலில் மூடி, மற்றதெல்லாம் திங்கட்கிழமை என்றார்.

ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வரும்போது சே.:

"இத்தோட நம்ம கணக்கு நேராயிச்சா ஆயா?"

"ஒண்ணு கழிச்சுட்டேன். பத்து கீது."

"பத்தா? இன்னா இன்னா?"

குளிர் அறை வாசல் வருவதற்குள் நாலு சொல்லி முடித்தேன். இரண்டுக்கு ஒத்துக்கொண்டான். மூன்றாவது அவன் இல்லை, அன்று அவனுக்குப் பதிலாக வந்தவன் என்கிறான். பார்க்க வேண்டும்.

மீன் பெட்டியில் நொறுக்கின ஐஸ், அதில் வெசலை நிறுத்தி, மூடி மட்டும் வெளியே. சந்து முழுக்க நல்லெண்ணெய் விட்டுத் துணி சுற்றினேன். மணிக்கொரு தரம் ஊற்றி, சே. மரச்சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டினான். அஞ்சு மணி வரை ஆறு தடவை. அழுத்தம் எழுபதிலேயே இருக்கிறது. நாளை ஒன்பது மணிக்கு இறக்குவோம், ஒரே முயற்சி என்றாள் பவானி.

எண்ணெய் பாட்டில் காலி. மல்லிகா கேட்பாள்.

ஜனவரி 9, வெள்ளி

எட்டே முக்காலுக்கே மூன்று பேரும் உள்ளே. பவானி சாமி கும்பிட்டாளா தெரியவில்லை, உதடு அசைந்தது.

முள் இறங்கியது. எழுபது, நாற்பது, பத்து, பூஜ்யம். சே. சங்கிலியைச் சுற்றினான். வெசலை அசையாமல் பிடிப்பது என் வேலை, ஐஸுக்குள் கை விட்டு. அவர்கள் இரண்டு பேருக்கும் அரை நிமிடத்துக்கு மேல் கை வைக்க முடியவில்லை. எனக்கு இறால் ஷெட் கை.

முதல் இழுப்பு ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பில் என் உள்ளங்கைக்குள் ஒரு "டொக்". காதுக்குக் கேட்பதற்கு முன் கைக்குத் தெரிந்தது. வந்திச்சி என்றேன். சே. நம்பவில்லை. மூன்றாவது இழுப்பில் மூடி கால் சுற்று. மரையில் வெள்ளையும் மஞ்சளுமாகக் குழம்பின எண்ணெய், நெய் மாதிரி. அப்புறம் பவானி தன் கையாலேயே திருகி எடுத்தாள்.

உள்ளே பை. நவம்பரில் போட்டபோது தெளிந்த தண்ணீர். இன்று அரிசி களைந்த தண்ணீர்.

பவானி அந்தக் கலங்கலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சே.தான் இன்னாச்சு செத்துப்போச்சா என்று கேட்டான். கலங்கியிருந்தால் பெருகியிருக்கிறது என்று அர்த்தம், மூன்றரை வருடமாக ஸ்டோரில் இருக்கிறான், இது தெரியவில்லை. ஆனாலும் அவன் குரல் கம்மியிருந்தது. இதை எதில் சேர்ப்பது என்று யோசிக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு அந்த இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், ஒரு பெண். ஐஸ் மேல் கண்ணாடித் துண்டை வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நூல் இல்லை. குட்டை குட்டையாக, தடித்து, இரண்டிரண்டாக. கடைசியில் எனக்கும் ஒரு பார்வை கிடைத்தது. ஒன்றுக்கு இடுப்பு மெலிந்து பாதி பிரிந்த நிலை. அவ்வளவு கனத்துக்குக் கீழே, அந்தக் குளிரில், அவசரமே இல்லாமல் குடும்பம் நடத்தியிருக்கிறது.

மூடியில் என்ன எண்ணெய் என்று அந்தப் பெண் கேட்டாள். பவானி ஒளிக்கவில்லை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், நெத்திலி, இறால் எல்லாம் சொன்னாள். வயதானவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். எங்க ஆயா என்றாள். அவர் எந்த ஆயா என்று எடுத்துக்கொண்டாரோ.

மூன்று மணிக்கு டாக்டரம்மா அறையிலிருந்து பவானி வந்தாள். இடம் கிடைத்துவிட்டது. மார்ச்சில் கப்பல். மீஞ்சூருக்கு போன் பண்ணி அம்மாவிடம் சொன்னாள், அந்தப் பக்கம் கத்தினது எனக்கே கேட்டது. சே. எல்லாருக்கும் டீ. எனக்கு சர்க்கரை கம்மியாக, கேட்காமலே.

எல்லாரும் போன பிறகு பவானி, நான் கண்ணாடி கழுவும் தொட்டியாண்டை வந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி.

"ஆயா, கப்பல்ல ஏறினா வாந்தி வருமா?"

ஏறினவளுக்குத்தானே தெரியும், நீ இதுக்கு முன்னால் போனதில்லையா என்றேன். தலையை ஆட்டினாள். படகிலாவது? இல்லை. கடலில் எதுவரை இறங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். முட்டியைத் தொட்டுக் காட்டினாள். ஏழாயிரம் மீட்டரில் இருப்பதன் தோல் வரை தெரியும், கரையில் முட்டிக்கு மேல் தெரியாது. ஐந்து வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லையாம்.

நான் சிரித்த சிரிப்பில் ஒரு பீக்கர் கீழே போயிற்று. உடைந்ததை எழுதிவைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் தம்பி மகன் ரவியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை அவன் பைபர் படகு.

ஜனவரி 11, ஞாயிறு

வெளுக்கும்போதே கரையில். காற்று இல்லை, கடல் தட்டு மாதிரி. பவானி முதல் வண்டியில் வந்துவிட்டாள். புதுச் செருப்பு, அதைக் கழற்றச் சொன்னேன். எலுமிச்சை இரண்டு. வெறும் வயிறு கூடாது என்று இட்லி கொடுத்தேன். மூன்று சாப்பிட்டாள். தப்பு என்னுடையது.

ரவி மெதுவாகத்தான் ஓட்டினான். அலையைத் தடுக்கக் கல் கொட்டின இடம் தாண்டும் வரை பாடிக்கொண்டு வந்தாள். தாண்டினதும் பாட்டு நின்றது.

முதல் தடவை வாந்தி வலப்பக்கம். இரண்டாவது இடப்பக்கம். ரவி திருப்பிடவா அத்தை என்றான். அவள் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு முகம் துடைத்துக்கொண்டு, எலுமிச்சையை மூக்கில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ரவியைக் கேட்டாள்: இங்கே ஆழம் எவ்வளவு?

ஆறு பாகம் என்றான். (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்.)

அகழி எத்தனை பாகம் என்று விரல்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தாள். கணக்கு ஆயிரம் தாண்டவில்லை. நாலாவது தடவை.